மீன்தொட்டிக்காரரும் தபால்காரம்மாவின் கையும்

மார்ச் 9, திங்கள்

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. மருந்துக்கடைச் சந்து முனையில் என்றைக்காவது ஒரு சைக்கிள் விழும், அது தபால் சைக்கிளாக இருக்கும், அன்றைக்குத் திங்கட்கிழமையாக இருக்கும் என்று கிழமை உட்படச் சொல்லியிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் சரியாக நினைவில்லை. கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

நடந்தது இது. காலை ஒன்பதரை. சலவை நிலையத்து வண்டி, ஓட்டுவது நான். பின்னால் மூன்று விடுதிகளுக்கும் ஒரு மருத்துவமனைக்கும் போக வேண்டிய படுக்கை விரிப்புகள், நாற்பது மூட்டை. பக்கத்து இருக்கையில் என் தங்கை மகள், மடியில் பட்டியலோடு. முன்னால் தபால்காரம்மா சைக்கிளில். நான் அவரைத் தாண்டப் போகிற நேரம் பார்த்து, கையே காட்டாமல், சட்டென்று குறுக்கே சந்துக்குத் திரும்பிவிட்டார். நான் மிதித்த மிதியில் வண்டி நின்றது. வண்டிக்கும் சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முடி இடைவெளி இருந்தது. அந்த முடிதான் தட்டியிருக்க வேண்டும்.

விழுந்தவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. கடிதமெல்லாம் தெருவில். முன்னூறு கடிதத்தையும் பொறுக்கித் தெருவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். தான்தான் பொறுக்கியதாகத் தங்கை மகள் சொல்லக்கூடும். அவளும் சிலது பொறுக்கினாள்.

எங்கள் மேற்பார்வையாளர் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். மூச்சு விட்டால் மூக்கில் விசில் அடிக்கும், அதனால் நிலையத்தில் எல்லாருக்கும் அவர் விசில்தான்.

“கதையெல்லாம் வேண்டாம்ணே. அந்தம்மா கை காட்டினாங்களா இல்லையா? அது ஒண்ணுதான் கேள்வி.”

“காட்டல. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ரெண்டு கையும் சைக்கிள் கைப்பிடியில ஒட்ட வச்ச மாதிரி இருந்துச்சு.”

அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து ஒன்றரை வரி வரும். எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன் போடுகிற கையெழுத்து என்று யாரும் சொல்ல முடியாது.

இருபத்தேழு வருட ஓட்டம், ஒரு கீறல் கிடையாது. விடுதியின் பின்வாசல் தூணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது அங்கே இருக்க வேண்டிய தூணே அல்ல.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு எட்டுப் பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். கடைசியாகச் சொன்னபோது வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நான் குதித்துவிட்டேன்.

வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “நேத்து நாற்பது மூட்டைன்னீங்க. இன்னைக்கு அறுபதுங்கிறீங்க. மூட்டை வண்டிக்குள்ளயே குட்டி போடுதா?”

இவளிடம் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

மார்ச் 12, வியாழன்

தங்கை மகள் மூன்று நாளாக வண்டியில் பேசுவதில்லை. “தலையணை உறை அறுபது.” “துண்டு நூற்றிருபது.” அவ்வளவுதான். வாயில் பட்டியலைத் தவிர வேறெதுவும் கிடையாது.

எங்கள் வண்டியில் ஒரு பழக்கம் உண்டு. சாலையில் போகிறவர்களுக்கு நான் கதை சொல்வேன். அதோ போகிறாரே குடைக்காரர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், குடை அவருடையது அல்ல, மாமியாருடையது, என்று ஆரம்பித்தால் அடுத்த விளக்கு வரைக்கும் போகும். இவள் பட்டியலில் குனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. சாலையில் இருக்கிறவர்களை என்னைப் போல் கவனிக்கிற ஓட்டுநர் இந்த ஊரில் இல்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

இன்று ஒரு தாத்தா நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். நல்ல விஷயம். ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“ஒண்ணுமில்லன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

பட்டியலை மூடினாள். “திங்கக்கிழமை நான் பட்டியலைப் பார்த்துட்டு இருந்தேன். அதனால அந்தம்மாவை நான் பார்க்கல. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனா காது இருந்துச்சு மாமா. நீங்க மீன்தொட்டிக்காரர் கதை சொல்லிட்டு இருந்தீங்க.”

“அதுக்கென்ன?”

“அவர் போனது நடைபாதையில. நமக்குப் பின்னால போனதுக்கப்புறமும் சொல்லிட்டே இருந்தீங்க.”

மருத்துவமனை வந்துவிட்டது. இறங்கிவிட்டோம்.

மீன்தொட்டிக்காரர் கதை உண்மையில் நல்ல கதை. இரண்டு கையாலும் கண்ணாடித் தொட்டியை அணைத்துக்கொண்டு நடந்தார். உள்ளே தண்ணீர் அலைமோத, ஒரே ஒரு சிவப்பு மீன். வீடு மாறுகிறார், மனைவி எல்லாச் சாமானையும் லாரியில் ஏற்றிவிட்டு, இதை மட்டும் நீயே நடந்து கொண்டு வா என்று சொல்லிவிட்டாள் என்று சொன்னேன். மீனுக்குப் பெயர்கூட வைத்தேன்.

ஓட்டுகிறவனுக்கு நாலு பக்கமும் கண் இருக்கும். இவளுக்கு அது புரியாது.

மார்ச் 13, வெள்ளி

விசில் கூப்பிட்டுச் சொன்னார். தபால் நிலையத்தில் வருகிற 24ஆம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்களாம். தவறு தபால்காரம்மா மேல் என்று முடிவானால், கை சரியான பிறகும் அவருக்குச் சைக்கிள் கிடையாது. தெருவேலையை எடுத்துவிட்டு, உள்ளே கடிதம் பிரிக்கிற அறையில் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது வருடம் தெருவில் போனவர்.

“உங்க வாக்குமூலம் இருக்கே, அதுவே போதும்ணே. நம்ம வண்டி தப்பிச்சுது” என்றார். மூக்கு சந்தோஷமாக விசில் அடித்தது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. நான் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். போயிருக்கிறேன் என்றால், கதவு திறந்திருந்தபோது பார்த்திருக்கிறேன்.

நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. நல்லதுதானே. வெயில் இல்லை, மழை இல்லை.

இன்னொன்றும் சொன்னார். விபத்து நடந்த வண்டியின் ஓட்டுநரை ஒருவர் வண்டியில் கூடவே உட்கார்ந்து சோதிப்பாராம். சடங்குதானாம். நல்ல மனுஷரை அனுப்புங்கள், அவரும் நாலு விஷயம் கற்றுக்கொண்டு போகட்டும் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

சோதிக்க வந்தது ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. கையில் அட்டை, பேனா, அப்புறம் அமுக்க அமுக்க எண் கூடுகிற ஒரு சின்னக் கருவி.

“ஐயா, ஓட்டிக்கிட்டே கண்ணுல படுறதை எல்லாம் சத்தமாச் சொல்லணும். அவ்வளவுதான் சோதனை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தேழு வருடமாக நான் செய்வது வேறென்ன? மீனுக்கு நீச்சல் சோதனை. ஆரம்பித்தேன். வங்கியில் வேலை பார்க்கிறவர், நேரமாகிவிட்டது, மேலதிகாரி கடுகடுப்புக்காரர். பச்சைச் சட்டைப் பையன் தேர்வில் தோற்றவன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பெண்கள், அக்கா தங்கை, சொத்துத் தகராறு. வாய் வலிக்கச் சொன்னேன். நடுநடுவே அந்தக் கருவி டிக் டிக் என்றது. நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“ஐயா, நூத்திப் பதினாலு விஷயம் சொன்னீங்க. அதுல சாலையில இருந்தது இருபத்தாறு.”

“மிச்சமெல்லாம்?”

“உங்க தலைக்குள்ள இருந்தது.” கோபமாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டுப் படிக்கிறவர் மாதிரி சொன்னார். “அவர் வங்கியில வேலை பார்க்குறது எனக்கு வேண்டாம் ஐயா. அவர் பாதம் எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சு?”

பாதம்?

“சாலைப் பக்கம் திரும்பி இருந்துச்சு. அடுத்த நிமிஷம் இறங்கினார். நீங்க அப்ப அவரோட மேலதிகாரியைத் திட்டிட்டு இருந்தீங்க. பிரேக்கு மேல நான் காலை வச்சிருந்தா மிதிச்சிருப்பேன்.”

பதிலுக்குப் பதில் பேசியிருக்கலாம். பெண் பிள்ளை என்று விட்டுக்கொடுத்தேன்.

“ஒரு வாரம் பழகுங்க. பாதம், முன் சக்கரம், தலை எந்தப் பக்கம் திரும்புது, நிறுத்தி இருக்கிற காருக்குள்ள ஆள் இருக்கா, கதவு திறக்குமா. கண்ணுல படாததைச் சேர்க்காதீங்க. வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன்.”

இறங்கிப் போகும்போது நிறுத்திய வண்டியின் பின்னால் சுற்றிப் போனார். முன்னால் போகவில்லை. இதை மட்டும் கவனித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு நாய். நாய்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மார்ச் 18, புதன்

சேர்க்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எழுதி வைக்கிறேன். நாக்கு நமைக்கிறது. நீலச் சட்டை, கையில் பை, பாதம் சுவர்ப் பக்கம். முடிந்தது. அடுத்தது. மோட்டார் சைக்கிள், முன் சக்கரம் கொஞ்சம் வெளியே திரும்புகிறது, ஆள் பின்னால் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன். சரியாக வெளியே வந்தான். நான் குறைத்தது அவனுக்குத் தெரியாது. யாரும் கைதட்டவில்லை. இப்படி ஒரு திறமையைக் காட்டிவிட்டு யாருக்கும் தெரியாமல் போவது எனக்குப் புதிது.

தங்கை மகள் பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப ஏன் குறைச்சீங்க?”

“சக்கரம்.”

“அவ்வளவுதானா? அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“தெரியாது.”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். ஆனால் பாதிச் சிரிப்பு. மீதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது விடுதியின் தெருவில் ஒரு புதுத் தபால்காரரைப் பார்த்தோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கதவாக எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டு, திரும்ப வந்து, எடுக்க முடியாமல் பெட்டிக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றார். முன் சக்கரம் சாலைப் பக்கம். நான் நிறுத்திக் காத்திருந்தேன்.

இன்னும் ஒன்று. நாள் முழுவதும் எத்தனை பேர் இருக்கிறார்கள். சாலை என்றால் வண்டிதான் என்று இருந்தேன் போலிருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஆள்.

மார்ச் 20, வெள்ளி

சோதிக்கிற பெண் காலையில் வந்தார். நாற்பத்தொன்று சொன்னேன், முப்பத்தெட்டு இருந்தது. மீதி மூன்றில் ஒன்று கிளி. அது கிளி இல்லை, பிளாஸ்டிக் பை. “தேறிட்டீங்க” என்றார். வேறு நாளாக இருந்தால் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மதியம் மருத்துவமனையின் பின்வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தங்கை மகள் உள்ளே கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். பின்னால் ஒரு குரல்.

“நீங்கதானே சலவை வண்டி?”

தபால்காரம்மா. விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி மாவுக்கட்டு. சீருடை இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. சின்னதாகத் தெரிந்தார்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் நாலு பதில் தயாராக இருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கோபிச்சுக்காதீங்க.”

“கேளுங்கம்மா.”

“நான் கை காட்டலையா?”

நான் மூட்டையைக் கீழே வைத்தேன்.

“காட்டினேன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். விழுந்த அன்னைக்கு அடிச்சுச் சொன்னேன், காட்டினேன்னு. அப்புறம் உங்க காகிதத்தைப் படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு கையும் கைப்பிடியில ஒட்டி இருந்துச்சுன்னு அவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. யாராவது பார்க்காம அப்படிச் சொல்ல முடியுமா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா என் கை கைப்பிடியிலதான் தெரியுது.” மாவுக்கட்டை நல்ல கையால் தாங்கிக்கொண்டார். “பத்தொம்பது வருஷமாக் காட்டுற கை. அன்னைக்கு மட்டும் காட்டலேன்னா, எனக்கு என்னமோ ஆகிட்டு வருதுன்னுதானே அர்த்தம்? வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. விசாரணையில ஒத்துக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திடலாமான்னு பார்க்குறேன். யாரு மேலயாவது போய் விழுந்துடக் கூடாதே.”

கீழே வைத்த மூட்டையை மறுபடி தூக்கினேன்.

“வெயில்... வெயில் கண்ணைக் கூசுச்சும்மா,” என்றேன். அதுவும் சேர்த்ததுதான். அன்று மேகம்.

“சரி. உங்களைச் சொல்லி என்ன. பார்த்ததைத்தானே சொன்னீங்க.”

போனார். வாசலில் சாலையைக் கடக்க நின்றார். நல்ல கையை நீட்டினார். நடந்து போகிறவர். சைக்கிள் இல்லை, ஒன்றும் இல்லை. முழுக் கையையும் தோள் உயரத்துக்கு நீட்டி, திரும்பிப் பார்த்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேரும் வரை இறக்கவே இல்லை.

இதை நான் பார்த்தேன். இது இருந்தது.

மார்ச் 21, சனி

வீட்டுக்காரி கேட்டாள்: “ரெண்டு நாளா ஒரு கதையும் காணோம். உடம்புக்கு என்ன?”

மார்ச் 22, ஞாயிறு

நான் ஒன்றும் பொய்யன் அல்ல. கதை சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கதை என்று தெரியும். மூட்டை அறுபது என்றால் வீட்டுக்காரி நாற்பது என்று எடுத்துக்கொள்வாள். தூணைப் பற்றிச் சொன்னால் விசில் சிரிப்பார். எல்லாரும் கழித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் நான் கூட்டிக்கொண்டே போகிறேன். இத்தனை வருடம் இப்படி ஒரு ஏற்பாட்டில்தான் ஓடியது.

அந்தம்மா கழிக்கவில்லை. அப்படியே முழுசாக எடுத்துக்கொண்டார். தன்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டார்.

சொன்னால் என்ன ஆகும்? வண்டியை விட்டு இறக்குவார்கள். ஊரில் எவன் முகத்தில் விழிப்பது? எட்டுப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எட்டு விதமாக. நான் அப்படி என்ன செய்துவிட்டேன், ஒரு மீனைப் பார்த்தேன்.

மார்ச் 23, திங்கள்

மருந்துக்கடைச் சந்து முனையில் ஓரமாக நிறுத்தினேன். தங்கை மகள் என்ன என்று கேட்கவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஏழு சைக்கிள் திரும்பியது. ஐந்து பேர் கை காட்டினார்கள், இரண்டு பேர் காட்டவில்லை.

“நாளைக்கு விசாரணை எத்தனை மணிக்கு?” என்றேன்.

“பத்தரைக்கு.” பிறகு, “பட்டியலை நான் பார்த்துக்கிறேன் மாமா. நீங்க போயிட்டு வாங்க,” என்றாள்.

போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாக்கியம். எழுந்திருக்கவும் திரும்ப உட்காரவும் எனக்கு ஆன நேரம் அதைவிட அதிகம். விசிலின் மூக்கு சத்தமே போடவில்லை.

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையை லேசாகத் தூக்கி, திரும்ப வைத்துக்கொண்டார்.

மார்ச் 26, வியாழன்

ஆறு மாதத்துக்கு வண்டி இல்லை. மடிப்பு அறையில் போட்டிருக்கிறார்கள். இந்த அறைக்கு ஜன்னல் உண்டு. மூன்று. எண்ணிவிட்டேன்.

வீட்டுக்காரியிடம் நானே சொன்னேன். எதையும் கழிக்காமல் கேட்டாள். “சரி, சாப்பிடுங்க,” என்றாள்.

மே 11, திங்கள்

தங்கை மகளிடம் ஓட்டுநர் உரிமம் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நாலு வருடமாகப் பையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பிடித்திருக்கிறாள். இப்போது அவள் ஓட்டுகிறாள். மருத்துவமனைக்கு மூட்டை அதிகம் என்று இன்று என்னையும் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிட்டார்கள். மடியில் பட்டியல்.

“பட்டியலை மூடுங்க மாமா. வெளியில பாருங்க. கண்ணுல படுறதைச் சொல்லுங்க.”

“நான் ஓட்டலையே.”

“அதனாலதான். உங்களுக்கு வேற வேலை இல்ல.”

சொன்னேன். கார், உள்ளே ஆள் இருக்கிறார், கதவு மூடியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர், பந்து கையில் இருக்கிறது, தரையில் இல்லை. சிவப்புப் புடவை, பாதம் சாலைப் பக்கம். அவள் குறைத்தாள். சிவப்புப் புடவை கடந்து போனது. அந்தப் புடவைக்குப் பின்னால் அருமையான கதை ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

கடைத்தெரு வந்தது. முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் தபால் பை. முதுகைப் பார்த்தே தெரிந்தது. சந்து முனைக்கு நல்ல தூரம் இருக்கும்போதே கை வெளியே வந்தது. மாவுக்கட்டு பிரித்த கை. கொஞ்சம் வெளுத்து, மணிக்கட்டில் கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுக் கை.

“தபால் சைக்கிள்,” என்றேன். “கை நீட்டியிருக்கு. திரும்பப் போறாங்க.”

“பார்த்துட்டேன் மாமா.”

நின்றோம். அவர் திரும்பும்போது எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தலையசைத்தாரா, மேடுபள்ளத்தில் தலை ஆடியதா, எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் குறிப்பேட்டின் மார்ச் 9ஐத் திருப்பினேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. முடி இடைவெளி இருக்கட்டும், முன்னூறு கடிதம் இருக்கட்டும், முன்பே சொன்னேன் என்பதும் இருக்கட்டும். யார் படித்தாலும் கழித்துக்கொள்வார்கள். ஒரு வரியின் ஓரத்தில் மட்டும், விசாரணையில் சொன்ன அதே இரண்டு வாக்கியத்தை எழுதினேன்.

கையே காட்டாமல் என்பது நான் சேர்த்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.